விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகளை அரசு வழியில் பெறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சிகிச்சை பெறும் புற்றுநோயாளிகளுக்கும், அவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் அலைகிற குடும்பத்தாருக்கும் எழுதியது இது. பணம் இல்லாததால் மருந்து எட்டாமல் போகிறவர்கள் உண்டு. ஆனால் பட்டியலில் இருக்கிற மருந்துகூட ஒரு ரிப்போர்ட் குறைவதால், ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருப்பதால், அனுமதி வரும் முன்பே ஊசி போட்டுவிட்டதால் கைநழுவிப் போகிறது. அந்த இழப்பைத் தடுக்க முடியும் என்பதால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறோம்.

மாதம் லட்ச ரூபாய் ஆகும் மருந்தை டாக்டர் எழுதியிருக்கிறார். முதலில் என்ன கேட்க வேண்டும்?

மருந்தின் வேதிப் பெயரை எழுதி வாங்குங்கள். கடையில் விற்கும் பெயர் மட்டும் கையில் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் தேடவும் முடியாது, விலை ஒப்பிடவும் முடியாது. பிறகு இவற்றைக் கேளுங்கள்: இது நோயைக் குணமாக்கும் சிகிச்சையில் ஒரு பகுதியா, இல்லை கட்டுப்படுத்தி வைக்கும் மருந்தா? இது இல்லாமல் வழக்கமான கீமோ மட்டும் கொடுத்தால் எத்தனை மாதம் வித்தியாசம் வரும்? எவ்வளவு காலம் தொடர வேண்டும்?

இப்படிக் கேட்பது டாக்டரைச் சந்தேகப்படுவது ஆகாது. நல்ல டாக்டர்கள் இதை எதிர்பார்ப்பார்கள். பதிலில் ஒன்றைக் கவனியுங்கள். "நோய் வளராமல் இருக்கும் காலம்" கூடுவது வேறு, "உயிர்வாழும் காலம்" கூடுவது வேறு. முதலாவதை மட்டும் கூட்டி, இரண்டாவதில் பெரிய மாற்றம் காட்டாத விலை உயர்ந்த மருந்துகள் பல உண்டு. ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான எஸ்மோ ஒவ்வொரு மருந்தின் பலனுக்கும் மதிப்பெண் போட்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. குணமாக்கும் சிகிச்சைக்கு ஏ, பி, சி. மற்றவற்றுக்கு 5 முதல் 1 வரை. ஏ, பி, 5, 4 என்றால் கணிசமான பலன் என்று பொருள்.

ஹெர்2 என்கிற புரதம் மிகுந்த ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுக்கு டிராஸ்டுசுமாப் ஊசி போல, குணமாவதே அந்த மருந்தை நம்பியிருக்கிறது என்றால் எல்லாக் கதவையும் தட்டுங்கள். மதிப்பெண் 1, 2 என்று இருக்கிற மருந்துக்காக வீட்டை அடமானம் வைக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

ஒரு காலத்தில் விலை எட்டாமல் இருந்த மருந்துகள் இப்போது எப்படி இருக்கின்றன?

பல மருந்துகள் இறங்கியிருக்கின்றன. ரத்தப் புற்றுக்கான இமாடினிப் இதற்குச் சரியான உதாரணம். கதை நடந்ததும் சென்னையில்தான். நோவார்டிஸ் நிறுவனம் அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு 1998-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006-ல் அந்த அலுவலகம் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. பழைய மருந்தின் புதிய வடிவம் கூடுதல் குணம் தருவதாக நிரூபிக்காவிட்டால் காப்புரிமை இல்லை என்கிற 3(டி) பிரிவு நிலைத்தது. மாதம் 1,20,000 ரூபாய் அளவில் விற்ற மருந்தின் இந்தியத் தயாரிப்பு 10,000 ரூபாய்க்கும் கீழே கிடைத்தது. இன்று அது இன்னும் மலிவு.

2012 மார்ச்சில் கல்லீரல், சிறுநீரகப் புற்றுக்கான சொராஃபெனிப் மருந்துக்கு இந்தியாவின் முதல் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் வேறு நிறுவனம் தயாரிக்க அரசு தரும் அனுமதி, கொடுக்கப்பட்டது. ஒரு மாதத்துக்கான 120 மாத்திரை 2,80,428 ரூபாயிலிருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. டிராஸ்டுசுமாபுக்கு 2014 முதல் இந்திய பயோசிமிலர்கள், அதாவது வேறு நிறுவனங்கள் அதை ஒத்துத் தயாரிக்கும் மருந்துகள், இருக்கின்றன. மார்பகப் புற்றுக்கான பால்போசிக்ளிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்ததும் விலை சரிந்தது.

ஆகவே ஐந்து வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த விலையை நம்பி முடிவெடுக்காதீர்கள். காப்புரிமை இன்னும் முடியாத, நுரையீரல் புற்றுக்கான ஒசிமெர்டினிப், மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் போன்றவைதான் இப்போது உண்மையில் எட்டாத பட்டியல்.

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் எது இருக்கும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுக்க டெண்டர் விட்டு மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் எழுதியிருக்கும் தொகைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள கீமோ மருந்துகளும் மாத்திரைகளும் இந்த வழியில் இலவசமாக வருகின்றன. பட்டியலில் இல்லாததை ஆஸ்பத்திரி உள்ளூர்க் கொள்முதலில் வாங்கலாம், ஆனால் அதற்கான பணம் சிறியது. விலை உயர்ந்த மருந்துகள் பெரும்பாலும் நோயாளியின் காப்பீட்டு அட்டையில் பதிந்துதான் வாங்கப்படுகின்றன. "அரசு ஆஸ்பத்திரிதானே, அட்டை எதற்கு?" என்று விட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அட்டை வேண்டும்.

காப்பீட்டு அட்டை யாருக்குக் கிடைக்கும்? எவ்வளவு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 செப்டம்பர் முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 72,000-லிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. முகாமில் இருக்கிற பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது.

குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வருவாய்த் துறை வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத் தலைவர் நேரில் வருவது நல்லது. நோயாளி படுக்கையில் இருந்தால் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு போய், உறவினர் பதியலாமா என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவில் அடிக்கடி இடறுவது இவை. ரேஷன் கார்டில் "முத்துலெட்சுமி", ஆதாரில் "முத்துலட்சுமி". கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டில். தனிக் கார்டு பிரித்துப்போன பெற்றோர். நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இல்லாவிட்டால் காப்பீட்டிலும் இல்லை. பயாப்சி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் அந்த ஒரு வாரத்தில் இந்தத் திருத்தங்களை முடித்துவிடுங்கள். நோய் உறுதியான பிறகு நேரம் கிடைக்காது.

வருமான வரம்புக்கு மேலே இருக்கிறோம். எங்களுக்கு எதுவும் இல்லையா?

வீட்டில் யாருக்காவது ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளியைச் சார்ந்த பெற்றோரும் அதில் வரலாம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சிஜிஹெச்எஸ் என்கிற மருத்துவத் திட்டம், மாநில அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் தனித்தனிக் காப்பீடு. புற்றுநோய்க்கு ஈஎஸ்ஐ பல நேரங்களில் காப்பீட்டு அட்டையைவிடத் தாராளமானது. மகனுடைய கம்பெனி பிஎஃப் பிடிப்பது தெரியும், ஈஎஸ்ஐ பிடிப்பது தெரியாது என்கிற குடும்பங்கள் ஏராளம். சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

முன் அனுமதி என்றால் என்ன? அதில் ஏன் தாமதம் ஆகிறது?

மருந்து கொடுப்பதற்கு முன் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவு நோயாளியின் விவரங்களைக் கணினியில் ஏற்றி ஒப்புதல் கேட்கும். ஒப்புதல் வந்த பிறகுதான் மருந்து. "அவசரம், இந்த ஒரு ஊசியை வெளியில் வாங்கிப் போட்டுவிடுவோம், அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நீங்கள் கையிலிருந்து கொடுத்த பணம் இந்தத் திட்டத்தில் திரும்பி வராது.

ஏற்ற வேண்டியவை: பயாப்சி ரிப்போர்ட், நோயின் கட்டத்தைக் காட்டும் சிடி அல்லது பெட் ஸ்கேன், அந்த மருந்துக்குரிய மூலக்கூறு பரிசோதனை (கட்டியில் மருந்துக்கேற்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பது), பல துறை மருத்துவர்கள் கூடி எடுத்த முடிவின் குறிப்பு, மருந்தின் அளவும் தவணை எண்ணிக்கையும் எழுதிய சிகிச்சைத் திட்டம், சமீபத்திய ரத்தப் பரிசோதனை. டிராஸ்டுசுமாப் என்றால் எக்கோ ரிப்போர்ட்டும் வேண்டும், ஏனென்றால் அது இதயத்தின் பம்ப் செய்யும் திறனைக் குறைக்கக்கூடியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி எடுப்பார்கள்.

தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் "குவெரி". அனுமதி தரும் மருத்துவர் ஒரு சந்தேகம் கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புகிறார். ஆஸ்பத்திரியில் அது யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. பதில் போகாத குவெரி நாள் கடந்ததும் நிராகரிப்பாகிவிடும். அதனால் ஃபைல் ஏற்றிய மறுநாளும் அதற்கு மறுநாளும் காப்பீட்டுப் பிரிவில் போய் நில்லுங்கள். "அப்ரூவல் வந்துச்சா?" என்று மட்டும் கேட்காமல் "குவெரி ஏதாவது வந்திருக்கா, என்ன கேட்டிருக்காங்க?" என்று கேளுங்கள். முன் அனுமதி எண்ணை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.

ஊசி போட்ட அன்று குப்பியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், போட்ட நேரம் ஆகியவை கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கின்றனவா என்று நர்ஸிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அது விடுபட்டால் ஆஸ்பத்திரிக்குப் பணம் வராது. பணம் வராத ஆஸ்பத்திரி அடுத்த தவணைக்குத் தயங்கும்.

"டெஸ்ட் தெளிவாக இல்லை, மறுபடி எடுக்க வேண்டும்" என்கிறார்கள். ஏன்?

புதிய மருந்துகளில் பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட அடையாளம் உள்ள கட்டிக்கு மட்டுமே வேலை செய்யும். அந்த அடையாளம் காகிதத்தில் இல்லாவிட்டால் அனுமதி கிடைக்காது.

ஹெர்2 பரிசோதனையில் 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ என்றால் நேரடியாக டிராஸ்டுசுமாபுக்குத் தகுதி. 2+ என்றால் இரண்டும்கெட்டான். மரபணுவை நேரடியாகப் பார்க்கும் ஃபிஷ் என்கிற அடுத்த பரிசோதனை செய்தாக வேண்டும். 2+ ரிப்போர்ட்டை மட்டும் ஏற்றி நிராகரிக்கப்படுவது வழக்கமாக நடக்கும் தவறு. நுரையீரல் புற்றில் ஈஜிஎஃப்ஆர், ஆல்க், குடல் புற்றில் ராஸ் என்று பார்க்கப்படும் மரபணு மாற்றங்கள், எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எடுத்த சதை உடனே 10 சதவீத நியூட்ரல் பஃபர்ட் ஃபார்மலினில் போடப்பட்டு, ஹெர்2-க்கு 6 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் ஊறியிருக்க வேண்டும். சிறிய கிளினிக்கில் ஆபரேஷன் செய்து, கட்டியைச் சலைன் பாட்டிலில் போட்டு இரண்டு நாள் கழித்து லேபுக்கு அனுப்பினால் செல்கள் கெட்டுவிடும். எந்தப் பரிசோதனையும் நம்பகமாக வராது. ஆபரேஷனுக்கு முன்பே "ஃபார்மலின் பாட்டில் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

லேபிலிருந்து ரிப்போர்ட்டோடு பாராஃபின் பிளாக்கையும் (எடுத்த சதையை மெழுகில் பதித்த சிறு கட்டி) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். அவை நோயாளிக்கு உரியவை. ஆஸ்பத்திரி மாறும்போது அந்தச் சின்ன மெழுகுக் கட்டிதான் மறு பயாப்சியிலிருந்து காப்பாற்றும். வெயில் படும் இடத்திலோ கார் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும். சில மூலக்கூறு பரிசோதனைகளை மருந்து நிறுவனங்களே செலவு ஏற்று இலவசமாகச் செய்து தருகின்றன. டாக்டர் வழியாகத்தான் பதிய முடியும் என்பதால் கேட்காமல் கிடைக்காது.

5 லட்சம் ரூபாய் ஒரு வருடத்துக்குப் போதுமா?

மருந்தைப் பொறுத்தது, மருந்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பொறுத்தது. அதே 5 லட்சத்தில்தான் ஆபரேஷனும் கதிர்வீச்சும் கீமோவும் வீட்டில் வேறொருவரின் சிகிச்சையும் அடங்க வேண்டும்.

டிராஸ்டுசுமாபை எடுத்துக்கொள்வோம். முதல் தவணை உடல் எடையில் கிலோவுக்கு 8 மில்லிகிராம், பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கிலோவுக்கு 6 மில்லிகிராம், ஒரு வருடம், சுமார் 18 தவணை. 58 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் தவணை 464 மில்லிகிராம். குப்பியில் இருப்பது 440. அந்த 24 மில்லிகிராமுக்காக இரண்டாவது குப்பியை உடைக்க வேண்டுமா? கணக்கிட்ட அளவை 10 சதவீதத்துக்குள் கூட்டியோ குறைத்தோ முழுக் குப்பி அளவுக்குக் கொண்டுவருவதைப் புற்றுநோய் மருந்தாளுநர்கள் ஏற்கிறார்கள். இங்கே குறைவது 5 சதவீதம்தான். பின்வரும் தவணைகள் 348 மில்லிகிராம். ஒவ்வொரு முறையும் 92 மிஞ்சும். 440 குப்பியோடு வரும் கிருமித்தடுப்பு நீரில் கலந்தால் அந்த மிச்சத்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் 28 நாள் வரை வைக்கலாம். அடுத்த தவணை 21-ம் நாளே வந்துவிடும். மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டால் ஐந்து தவணைக்கு நான்கு குப்பி போதும். வருடம் முழுதுக்கும் 15 குப்பி. ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கொட்டினால் 18. இந்த மூன்று குப்பி காப்பீட்டு இருப்பில் தெரியும்.

நிபந்தனைகள் உண்டு. மிச்சக் குப்பி ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில், பெயர், கலந்த தேதி எழுதிய லேபிளோடு இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சாதாரண ஊசி நீரில் கலந்திருந்தால் இந்த 28 நாள் கணக்கு செல்லாது. 150 மில்லிகிராம் குப்பிக்கும் செல்லாது. கிருமித்தடுப்பு நீரில் உள்ள பென்சைல் ஆல்கஹால் ஒவ்வாதவருக்கு இந்த முறையே கூடாது.

திட்ட ஆண்டு எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது, இப்போது இருப்பு எவ்வளவு என்பதை ஒவ்வொரு தவணையிலும் கேளுங்கள். இருப்பு தீரும் நிலையில் புதுப்பிக்கும் தேதி இரண்டு வாரத்தில் வருகிறதென்றால், தவணையைச் சில நாள் தள்ளலாமா என்று டாக்டர் சொல்லட்டும். நீங்களாகத் தள்ள வேண்டாம்.

குறைந்த செலவில் அதே அளவு பலன் தரும் முறைகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன; அவற்றில் சில இந்தியாவிலேயே சோதித்து நிறுவப்பட்டவை. இதை நோயாளிகளிடம் யாரும் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை என்பது எங்கள் மனக்குறை.

தலை, கழுத்துப் புற்று முற்றிய நோயாளிகளுக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசியான நிவோலுமாபை 20 மில்லிகிராம் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மெத்தோட்ரெக்சேட், செலகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் கடந்தவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம், அதாவது மூன்று வாரத்துக்கு 360. அதில் 18-ல் ஒரு பங்குதான் இது. 40 மில்லிகிராம் குப்பி ஒன்றை இரண்டு பேருக்குப் பிரிக்கலாம். ஆனால் திறந்த குப்பியை நாள் கணக்கில் வைத்திருக்க முடியாது. இரண்டு நோயாளிகளும் ஒரே நாளில் வர வேண்டும். அதனால்தான் சில மையங்கள் இந்த ஊசிக்கென்று கிழமை ஒதுக்குகின்றன. உங்கள் கிழமையை மாற்றிக் கேட்டால் இன்னொருவரின் பாதிக் குப்பி வீணாகும் என்பதை நினைவில் வையுங்கள். இந்த முடிவு தலை, கழுத்துப் புற்றுக்கு வந்தது, அதுவும் முழு அளவோடு நேரடியாக ஒப்பிட்டதல்ல. எல்லாப் புற்றுக்கும் இதுவே போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுக்கு ஒசிமெர்டினிப் சிறந்த மருந்துதான். அது எட்டாதபோது, விலை மிகக் குறைந்த ஜெஃபிடினிப்போடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் கீமோ சேர்த்துக் கொடுப்பது வலுவான மாற்று. டாடா மருத்துவமனை ஆய்வில் நோய் வளராமல் இருந்த காலம் ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு 8 மாதம், கீமோவும் சேர்ந்தவர்களுக்கு 16 மாதம். பக்கவிளைவு கூடும், உடல் தாங்குமா என்று பார்த்துத்தான் தொடங்குவார்கள்.

புராஸ்டேட் புற்றுக்கு அபிராடிரோன் வழக்கமாக வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம். 250 மில்லிகிராமைக் கொழுப்பு குறைந்த காலை உணவோடு எடுத்தாலும் பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றின் போக்கைக் காட்டும் ரத்த அளவு) அதே அளவு இறங்கியதாக ஒரு சிறிய ஆய்வு காட்டியது. டாக்டர் சொன்னால் மட்டும். 1,000 மில்லிகிராம் எடுப்பவர் தானாக உணவோடு சாப்பிட்டால் ரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறிவிடும்.

மருந்து பட்டியலில் இல்லை. அடுத்து எங்கே போவது?

முதல் வேலை, "இந்த மருந்து காப்பீட்டுத் திட்டத்தில் இல்லை" என்று ஆஸ்பத்திரியிடம் எழுத்தில் வாங்குவது. மற்ற எல்லா நிதிக்கும் அந்தத் தாள்தான் சாவி.

மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதிக்குள் புற்றுநோயாளிகளுக்கென்று 2009 முதல் தனி நிதி இருக்கிறது. நாடு முழுக்க 27 மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாக வருகிறது. நமக்கு அருகில் அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும். அரசு ஊழியர் குடும்பத்துக்குக் கிடையாது. ஏற்கெனவே செலவழித்த பணத்தைத் தராது. அதனால் மருந்து தொடங்கும் முன்பே விண்ணப்பம் போக வேண்டும்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும் ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீட்டுச் சான்று, வருமானச் சான்று, ஆதார், குடும்ப அட்டை நகல் வேண்டும். கிடைப்பது மொத்தச் செலவில் ஒரு பகுதி. நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போகும். மதிப்பீட்டுச் சான்றில் "சுமார் 6 லட்சம்" என்று மட்டும் எழுதாமல் மருந்து, அளவு, தவணை, ஒரு தவணையின் விலை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

மருந்து நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டங்களும் உண்டு. பெரும்பாலும் "இத்தனை தவணை வாங்கினால் இத்தனை இலவசம்" என்ற கணக்கு. முதல் குப்பியை வாங்கும் முன்பே பதியுங்கள். பின்னால் பதிந்தால் அது கணக்கில் சேராமல் போகலாம். பில், ஸ்டிக்கர், காலி அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். காப்பீட்டில் வாங்கிய குப்பி இந்தக் கணக்கில் சேருமா என்பதையும் தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மருத்துவ ஆய்வில் சேர்வதும் ஒரு வழி. இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள், சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. நோயின் பெயரும் ஊரும் போட்டுத் தேடலாம். ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்க மாட்டார்கள். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் தமிழில் படித்துவிட்டுக் கையெழுத்திட உங்களுக்கு உரிமை உண்டு. ஆய்வு முடிந்த பிறகும் மருந்து தொடருமா என்று அப்போதே கேளுங்கள்.

கையிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எங்கே வாங்குவது?

அட்டையில் அச்சடித்த விலை பேரம் பேசுவதற்கான தொடக்கப்புள்ளி மட்டுமே. மொத்த வியாபாரிக்கும் அந்த விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்ததால்தான் 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளின் வர்த்தக லாபத்தை 30 சதவீதத்துக்குள் மத்திய அரசு கட்டுப்படுத்தியது. தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பில் உள்ள மருத்துவமனைகள் சேர்ந்து 40 மருந்துகளை மொத்தமாகப் பேரம் பேசியபோது சராசரியாக 82 சதவீதம் மிச்சமானது. எனவே மூன்று இடத்தில் விலை கேளுங்கள்: ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் அம்ரித் மருந்தகம் (மத்திய அரசின் சலுகை விலை மருந்தகம்), புற்றுநோய் மையத்தின் சொந்த மருந்தகம், வெளியே உள்ள மொத்த விற்பனையாளர். எல்லையோர மாவட்டத்தினர் கேரள அரசின் காருண்யா மருந்தகங்களையும் பார்க்கலாம்; 2024 ஆகஸ்டு முதல் அங்கே புற்று மருந்துகளை லாபமில்லாமல் விற்கும் கவுன்டர்கள் இருக்கின்றன.

2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். டாராடுமுமாப், அலெக்டினிப், அடெசோலிசுமாப் உள்ளிட்ட 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. பில்லில் இது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். 2024 மார்ச்சில் டெல்லி காவல்துறை பிடித்த கும்பல், விலை உயர்ந்த இம்யூனோதெரபி மருந்துகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து, அவற்றில் பூஞ்சைக்கான மருந்தை நிரப்பி விற்றுக்கொண்டிருந்தது. குப்பியின் மூடிச் சீல், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் பில்லோடு பொருந்த வேண்டும். ஊசி போட்டதும் காலிக் குப்பியின் லேபிளைப் பேனாவால் அடித்துச் சிதைக்கச் சொல்லுங்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்தை ஐஸ் கட்டி நேரடியாகத் தொடாதபடி ஐஸ் பேக் பெட்டியில் கொண்டுவாருங்கள். டிராஸ்டுசுமாப், நிவோலுமாப் போன்ற ஆன்டிபாடி மருந்துகள் உறைந்துபோனால் பயன்படாது.

வங்கதேசத்து மாத்திரை பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?

மிகவும் வளர்ச்சி குன்றிய நாடு என்பதால் வங்கதேசத்துக்கு மருந்துக் காப்புரிமையில் விலக்கு உண்டு; இங்கே காப்புரிமை உள்ள மருந்துகளை அங்கே சட்டப்படியே தயாரிக்கிறார்கள். இந்தியாவில் பதிவு பெறாமல் பையில் வந்து கைமாறும்போது அது சட்டவிரோதம். உள்ளே என்ன இருக்கிறது என்று இங்கே யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால், மருந்து வேலை செய்யவில்லையா, மருந்தே போலியா என்று அவர் யோசிக்க அந்தத் தகவல் தேவை.

இந்தியாவிலேயே இன்னும் வராத மருந்து என்றால்?

சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்யலாம். படிவம் 12ஏ-யில் டாக்டரின் மருந்துச் சீட்டு, நோயாளி அடையாளம், மருத்துவ அறிக்கையோடு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 12பி அனுமதி தருவார்கள். ஒரு மருந்துக்கு 100 சராசரி வேளைக்கு மிகாமல். அரசு மருத்துவமனையே தன் நோயாளிக்காக இறக்குமதி செய்யத் தனி வழியும் விதிகளில் இருக்கிறது.

பயோசிமிலரை நம்பலாமா?

நம்பலாம். இந்தியாவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப், ரிடுக்சிமாப், பெவாசிசுமாப் பயோசிமிலர்களை அரசு, தனியார் இரண்டிலும் வருடக்கணக்கில் கொடுத்துவருகிறார்கள். நடுவில் தயாரிப்பாளர் மாறினால் பேட்ச் எண்ணோடு அதையும் குறித்து வையுங்கள்.

கார்-டி சிகிச்சை?

நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து, புற்றைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றும் சிகிச்சை இது. 2023 அக்டோபரில் இந்தியாவிலேயே உருவான முதல் கார்-டிக்கு ஒப்புதல் கிடைத்தது. செலவு 40 லட்சம் ரூபாய் அளவில். காப்பீட்டு அட்டைக்குள் அடங்காது. அதைச் செய்யும் மையத்தின் சமூகப் பணியாளர் வழியாகப் பல நிதிகளை ஒன்றுசேர்த்துத்தான் முயல வேண்டியிருக்கும்.

தனியாரில் தொடங்கிவிட்டோம், பணம் தீர்ந்துவிட்டது. அரசு மருத்துவமனைக்கு மாறலாமா?

மாறலாம். பணம் முழுக்கக் கரைந்த பிறகு வராமல், கரைவது தெரிந்த உடனே வாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, இதுவரை கொடுத்த மருந்துகளின் அளவும் தேதியும், பிளாக், ஸ்கேன் சிடி ஆகியவை கையில் இருக்க வேண்டும். "6 சைக்கிள் கீமோ முடிந்தது" என்று மட்டும் எழுதிய சம்மரி போதாது. டாக்ஸோருபிசின் போன்ற மருந்துக்கு வாழ்நாள் அளவு வரம்பு இருப்பதால் மொத்த மில்லிகிராம் தெரிய வேண்டும். இடையில் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழாதபடி, பழைய இடத்தில் கடைசித் தவணை போட்ட மறுநாளே புதிய இடத்தில் ஓபி சீட்டு போடுங்கள்.

மனுவை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காகிதக் குறை என்றால் அதைச் சரிசெய்து அதே வாரத்தில் மறுபடி ஏற்றலாம். "மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை" என்றால் டாக்டர் ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும்: இந்த நோயாளிக்கு ஏன் இந்த மருந்து, பட்டியலில் உள்ள மாற்று ஏன் பொருந்தாது, எந்த வழிகாட்டி நெறியில் இது இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தால் அதையும் எழுதலாம். 2025-ல் அந்தப் பட்டியல், இம்யூனோதெரபி ஊசியான பெம்ப்ரோலிசுமாபைப் பரவிய கருப்பைவாய், பெருங்குடல், நுரையீரல் புற்றுகளுக்கும் சேர்த்திருக்கிறது.

அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர் குழுவுக்கு மனு கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் முன் அனுமதி எண், நிராகரிப்பு நகல், டாக்டர் கடிதம் மூன்றையும் இணைத்துக் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும், ஆயுஷ்மான் பாரத் தொடர்பானதை 14555-லும் பதியலாம்.

இதெல்லாம் நடக்கிற நாட்களில் சிகிச்சை நின்றுவிடக் கூடாது. புதிய மருந்து வரும்வரை எந்தக் கீமோவைத் தொடரலாம், வலிக்கு மார்ஃபின் எங்கே கிடைக்கும், வலி நிவாரணப் பிரிவு எந்தக் கிழமை என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.